மூன்று நாட் செலவு

செலவு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிலே பயணம் என்பது பொருள். இன்றோ அச்சொல்லைக் கேட்டதும் நாம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறோம். மூன்று நாள் விடுமுறையில் வேற்றூர் ஒன்றுக்குப் போய்வர எண்ணுகின்றவருக்கு இவ்விரண்டு பொருளும் ஒருங்கே விளங்கிவிடும். ஆனாற் பணத்தினும் விரைவாகக் கரைந்துபோவது ஒன்று உண்டு. அது பொழுது. மூன்று நாட் பொழுதை எவ்வாறு வகுத்துக்கொள்வது என்பதைப் பற்றி, நான் பட்டு அறிந்த சிலவற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டில் ஒவ்வொரு பூரணையும் விடுமுறை நாள். 1966ஆம் ஆண்டு முதல் 1971ஆம் ஆண்டு வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாளே வார ஓய்வு நாளாக இருந்ததை நேயர்களுள் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இப்போது வாரவிடுமுறை சனியும் ஞாயிறும் ஆகையால், பூரணை வெள்ளிக்கிழமையிலோ திங்கட்கிழமையிலோ வந்து வாய்த்துவிட்டால் மூன்று நாட்கள் தொடர்ந்து கிடைக்கின்றன. அன்று கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் நிற்க இடமிராது. அவ்வாறு புறப்படுகிறவர்களிற் பலர் எங்கள் மட்டக்களப்பை நோக்கியும் வருகிறார்கள். நான் அந்த வாவிக்கரையிலே ஓர் அரசினர் பாடசாலையின் அதிபர். வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவன். ஒருமுறை, வந்தவர்களை அழைத்துக்கொண்டு சுற்றியும் இருக்கிறேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தமக்கையின் மகள், எனக்கு மருமகள், நோர்வே நாட்டின் தலைநகராகிய ஒஸ்லோவில் வாழ்கிறாள். அவளுடைய கணவர் யாழ்ப்பாணத்தவர். 2023ஆம் ஆண்டு பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு அவர்கள் தாய்நாட்டுக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போக எஞ்சிய மூன்று நாட்களே மட்டக்களப்புக்குக் கிடைத்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? முப்பது ஆண்டு ஆசிரியத் தொழில் ஊறிய கையல்லவா! பாடசாலை நேரசூசியைப் போலவே ஓர் அட்டவணை போட்டுவிட்டேன். கோட்டை நாற்பது நிமிடம். வெளிச்சவீடு அரைமணி. மாமாங்கேசுவரர் கோயில், கொக்கட்டிச்சோலை, பாசிக்குடா, விபுலாநந்த அடிகளின் சமாதி என்று பதினொரு இடங்கள். அவற்றுக்கு நடுவே உறவினர் வீடுகள் பன்னிரண்டு. மட்டக்களப்பு விருந்தோம்பலை அறிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு வீட்டில் தேநீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிட முடியாது. சோற்றுக்கு முன் உட்காராமல் விடமாட்டார்கள். மூன்று நாளும் வண்டியிலே ஏறினோம், இறங்கினோம், உண்டோம், மீண்டும் ஏறினோம். சிறுமி வண்டியில் உறங்கியே போனாள்.

மூன்றாம் நாள் மாலை, விடைபெறும் வேளையில், ஒன்பது வயதுப் பையன் என்னைப் பார்த்துக் கேட்டான்: “தாத்தா, அம்மா எப்போதும் சொல்லுகிற வாவி எங்கே இருக்கிறது?”

கல்லடிப் பாலத்தை நாங்கள் எட்டு முறையேனும் கடந்திருப்போம். ஒவ்வொரு முறையும் கண்ணாடி மூடிய வண்டிக்குள்ளே இருந்தோம். அடுத்த இடத்துக்கு நேரமாகிறதென்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைக்கு என்னாற் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் பகுதியிலே குடி என்பது தாய்வழியே வருவது. தாயின் குடியே பிள்ளையின் குடி. அந்த முறைப்படி அவன் எங்கள் பிள்ளை. தன் குடியின் நீரைப் பாராமலே அவன் திரும்பிப் போனான். அதற்குக் காரணம் என் அட்டவணை.

அடுத்த ஆண்டு பாடசாலை விடுமுறையில் மருமகள் என்னை ஒஸ்லோவுக்கு அழைத்தாள். அவளுக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கும் காலம். ஆகவே என்னுடன் ஊர் பார்ப்பதற்கு அவளுக்கும் ஒரு வெள்ளி, ஒரு சனி, ஒரு ஞாயிறு என மூன்று நாட்களே கிடைத்தன. புதன்கிழமை இரவு உணவு முடிந்தபின் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து அமர்ந்தாள். அதில் மூன்று கோடுகள் கிழித்தாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரே ஓர் இடம். அங்கே எந்தப் பொது வண்டியிற் போவது? மழை வந்தால் என்ன செய்வது? இவ்வளவே அந்தத் தாளில் இருந்தது.

“இவ்வளவுதானா, பிள்ளை?” என்று கேட்டேன்.

“இவ்வளவுதான், மாமா. மீதியை மறுமுறை வரும்போது பார்க்கலாம்” என்றாள்.

முதல் நாள் மாலை நகரத்தின் இசை நாடக அரங்குக்கு நடந்து போனோம். 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த மாளிகையின் கூரை, வெண்சலவைக் கல்லாலான சரிவாக, கடற்கழியின் நீர்மட்டம் வரை இறங்கி வருகிறது. கட்டணம் ஏதுமின்றி எவரும் அதன்மேல் ஏறி நடக்கலாம். கோடைகாலத்தில் அங்கே பொழுது சாய நெடுநேரமாகும். ஏறினோம், அமர்ந்தோம், நீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேறொன்றும் செய்யவில்லை.

இரண்டாம் நாள் நகரசபை மாளிகைக்கு எதிரேயுள்ள இறங்குதுறையிற் படகேறினோம். நகரப் பேருந்துக்கு வாங்கும் அதே சீட்டு அந்தப் படகுக்கும் செல்லும். சில நிமிடங்களில் ஹோவெதோயா என்னும் தீவை அடைந்தோம். 1147ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து வந்த துறவிகள் அமைத்த மடத்தின் இடிபாடுகள் அங்கே மரங்களினூடே கிடக்கின்றன. பகலுணவுக்கு அவள் ரொட்டித் துண்டுகளைத் தாளிற் பொதிந்து எடுத்து வந்திருந்தாள். நோர்வேயில் இது பெருவழக்கு. பள்ளிச் சிறுவரிலிருந்து அலுவலகம் செல்வோர் வரை கொண்டுபோவர். மாட்பக்கே என்று அதற்குப் பெயர். நம் கட்டுச்சோறுதான் அது, பெயர் மட்டும் வேறு. உணவு விடுதிகளில் விலை மிகுதியான அந்நாட்டில் அந்தப் பொதி பணத்தையும் காத்தது, பொழுதையும் காத்தது.

மூன்றாம் நாள் முற்பகல் 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய தேசிய அரும்பொருட்சாலைக்குப் போனோம். ஓவியர் முங்கின் புகழ்பெற்ற அலறல் ஓவியம் இருக்கும் அறையில் நெடுநேரம் நின்றுவிட்டு வீடு திரும்பினோம். பிற்பகலுக்கு அவள் ஒன்றையும் குறித்துவைக்கவில்லை.

ஊர் திரும்பிய பின் நண்பர்கள் ஒஸ்லோவைப் பற்றிக் கேட்டபோது எனக்கு ஒரு வியப்பு ஏற்பட்டது. பார்த்த மூன்றையும் ஒவ்வொன்றாக, காற்றின் குளிரோடும் வெயிலின் சாய்வோடும் என்னாற் சொல்ல முடிந்தது. முந்திய ஆண்டு அந்தப் பிள்ளைகளுக்கு நான் காட்டிய பதினொன்றில் அவர்கள் எதைச் சொல்லியிருப்பார்கள்?

2025ஆம் ஆண்டு அவர்கள் மீண்டும் வருவதாக எழுதியபோது, நானும் ஒரு தாளை எடுத்து மூன்று கோடுகள் கிழித்தேன்.

முதலிற் காலத்தைத் தெரிந்துகொண்டோம். எங்கள் பகுதியில் ஐப்பசி முதல் தை வரை வாடைக்கால மழை; வெள்ளம் பாய்ந்து வீதிகள் மூழ்குவதும் உண்டு. அப்போது வருவது வீண். சித்திரை முதல் புரட்டாதி வரை உள்ள காலமே வாவிக்கு ஏற்றது. பாடும் மீன் என்று உலகம் பேசும் ஓசையும் அந்த மாதங்களிலேதான், அதிலும் பூரணையை ஒட்டிய இரவுகளிலே, கேட்கும் என்பர். அவ்வாண்டு நிக்கினிப் போயா ஓகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை. விடுமுறையும் நிலவும் பருவமும் ஒன்றாக வந்தன. ஆனால் அது கச்சான் காற்று வீசும் காலமும் ஆகும். மேற்கேயிருந்து நிலத்தின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வரும் அக்காற்றில் நடுப்பகலிற் பிள்ளைகளை வெளியே கொண்டுபோகக் கூடாது. ஆகவே காலையும் மாலையும் பயணத்துக்கு, நண்பகல் நிழலுக்கு என்று முடிவு செய்தேன்.

அடுத்தது போக்குவரத்து. மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை 1928ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. எனினும் இத்தகைய விடுமுறை நாட்களில் ஆசனங்கள் வெகு முன்னரே முடிந்துவிடும். போவதற்கான சீட்டோடு திரும்புவதற்கான சீட்டையும் அன்றே பதிவு செய்தோம். திரும்பும் வழி உறுதியாக இல்லாதவர் மூன்றாம் நாளை ஊரிற் கழிப்பதில்லை, நிலையத்திலே கழிக்கிறார்.

மூன்றாவதும் மிகக் கடினமானதும் உறவினர். பன்னிரண்டு வீடுகளுக்கும் போவதில்லை என்று முடிவு செய்தேன். அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை மாலை எல்லோரையும் என் வீட்டுக்கு அழைத்தேன். ஆளுக்கொரு கறி கொண்டுவரச் சொன்னேன். இதை எழுதும்போது எளிதாக இருந்தது. தொலைபேசியிற் சொல்லும்போது வியர்த்தது.

இனி அந்த மூன்று நாட்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வெள்ளி மாலை புளியந்தீவில் நடந்தோம். நகரத்தின் நடுப்பகுதி ஒரு தீவு என்பதைக் காலால் நடந்தாலன்றி உணர முடியாது. 1602ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கப்பற்றலைவர் ஸ்பில்பேர்கன் இலங்கையில் வந்திறங்கியது இந்தக் கரையிலேதான். 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையைப் பத்தாண்டுகளிலே, 1638இல், ஒல்லாந்தர் கைப்பற்றினர். கோட்டை மதிலோரம் நின்று நீரைப் பார்த்தால், ஏன் இந்த இடத்தை விரும்பினார்கள் என்பதை வரலாற்றுப் புத்தகம் இல்லாமலே பிள்ளைகள் அறிந்துகொள்வார்கள். 1814ஆம் ஆண்டு தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும், 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியும் அருகருகே நடந்து பார்க்கக்கூடியவையே.

இரவு பத்து மணிக்குமேல் கல்லடியிற் படகேறினோம். 2013ஆம் ஆண்டு புதிய பாலம் திறக்கப்பட்டபின் வண்டிகள் அதிலே போகின்றன. பக்கத்திலே பழைய இரும்புப் பாலம் இளைப்பாறி நிற்கிறது. படகோட்டி துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைப் பையனின் காதோடு பொருத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி இவ்வோசையைக் கேட்டு எழுதி வைத்தார். அது சிப்பியினத்தின் ஒலி என்பது அவர் எண்ணம். எங்கள் மீனவரும் ஊரி பாடுகிறது என்றே சொல்வதுண்டு. யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள் இதனை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடினார். 1960களில் இலங்கை வானொலி இவ்வோசையை நாடெங்கும் ஒலிபரப்பியது. இவ்வளவையும் நான் பையனுக்குச் சொல்லி முடித்தேன். ஆனால் அன்றிரவு ஓசை ஒன்றும் கேட்கவில்லை. காற்றுப் பலமாக இருந்தது, நீர் அலைந்தது. பையனின் முகம் வாடிப்போயிற்று. பழைய அட்டவணையாக இருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். இம்முறை சனி இரவையும் நான் வெறுமையாக விட்டிருந்தேன்.

சனி விடியுமுன் புறப்பட்டோம். எங்கள் வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்குக் கரை எழுவான்கரை. ஞாயிறு எழும் பக்கம். மேற்குக் கரை படுவான்கரை. ஞாயிறு படும் பக்கம். கடலும் மீனும் பட்டினங்களும் ஒரு புறம். வயலும் பட்டியும் தயிரும் மறு புறம். இவ்விரண்டையும் இணைத்துப் பாராதவர் மட்டக்களப்பைப் பாதியே பார்த்தவர். 2014ஆம் ஆண்டு திறந்த மண்முனைப் பாலத்தின் வழியாக வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரரை வணங்கினோம். அங்கே கல் நந்தி புல்லுண்ட கதையைப் பூசகர் பிள்ளைகளுக்குச் சொன்னார். பின்னர் சிறுபோக வேளாண்மை அறுவடையாகும் வயல்களினூடே தெற்கே சென்று மண்டூரை அடைந்தோம். சின்னக் கதிர்காமம் எனப்படும் அம்முருகன் சந்நிதியிலே திரை விலகுவதில்லை. கப்புகனார் வாய் கட்டி மௌனமாகப் பூசை செய்கிறார். ஓயாமற் பேசும் சிறுமியும் அங்கே பேச்சற்று நின்றாள்.

மண்டூரிலிருந்து திரும்பும்போது வண்டியைப் பட்டிருப்புப் பாலத்தின் வழியே சுற்றிவரச் சொல்லிவிட்டு, நாங்கள் துறையிலே பாதை ஏறினோம். பாதை என்றால் வெளியூரவர் வீதி என்று எண்ணுவர். எங்களுக்கு அது நீரில் மிதந்து செல்லும் பலகைத் தளம். மிதிவண்டியும் மோட்டார் சைக்கிளும் மரக்கறி மூட்டையும் மனிதரும் ஒன்றாக நின்று குருமண்வெளித் துறைக்குக் கடந்தோம். பையன் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “இது ஒஸ்லோவில் தீவுக்குப் போகும் படகைப் போல” என்றான். பிறகு சற்றுப் பொறுத்து, “ஆனால் இங்கே எல்லோரும் என்னோடு பேசுகிறார்கள்” என்றான். உண்மைதான். அந்தச் சில நிமிடங்களுக்குள் அவன் யார் மகன், எந்தக் குடி, எங்கே படிக்கிறான் என்பதெல்லாம் பாதையில் நின்ற அனைவருக்கும் தெரிந்துவிட்டது.

அன்று மாலை உறவினர் வந்தார்கள், கறிகளும் வந்தன. எல்லோரும் ஒருங்கே கூடியதாற் பிள்ளைகளுக்குத் தம் வயதொத்த துணைகள் கிடைத்தார்கள். இரவு பதினொரு மணிக்கு மீண்டும் படகேறினோம். காற்று ஓய்ந்திருந்தது. நீர் கண்ணாடிபோற் கிடந்தது. பையன் துடுப்பிற் காதை வைத்தபடி நெடுநேரம் அசையாதிருந்தான். பிறகு ஒன்றும் சொல்லாமற் துடுப்பை என் பக்கம் நீட்டினான். நானும் கேட்டேன். தந்தியொன்றை எங்கோ ஆழத்திலே மெல்லத் தெறித்துவிட்டாற் போன்ற ஓசை. நின்றது, மீண்டும் வந்தது. வாவிக்கரையிலே பிறந்து ஐம்பது ஆண்டுகள் கடந்த நான் அதைக் கேட்டது அதுவே முதல் முறை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாற் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றும் எழுதவில்லை. பிள்ளைகளே தேர்ந்துகொண்டார்கள். ஆழமற்ற கரையோரத்தில் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசும் ஒருவரைக் காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாவியில் முதலைகளும் உண்டு. ஆகையால் ஊரவரைக் கேளாமல் எங்கேயும் இறங்கக் கூடாதென்று எச்சரித்து, நானும் உடனிருந்தேன். அவர் பிடித்த இறாலே அன்றைய பகற் கறி. பாசிக்குடாவுக்கு நாங்கள் போகவில்லை. வெளிச்சவீட்டையும் பார்க்கவில்லை.

இவ்வாறு வகுத்த பயணத்துக்கும் ஒரு விலை உண்டு. எங்கள் பெரியம்மா ஒருவருக்கு நடக்க இயலாது; சனிக்கிழமை விருந்துக்கு அவரால் வரமுடியவில்லை. பிள்ளைகள் தம் வாசலை மிதிக்கவில்லையே என்று இன்றும் என்னைக் காணும்போதெல்லாம் வருந்துகிறார். அவர் வருந்துவதில் நியாயம் உண்டு. ஞாயிறு பிற்பகலில் ஒரு மணி நேரம் அவருக்கென்று ஒதுக்கியிருக்கலாம். அடுத்த முறை தாளில் முதற் கோட்டின்கீழ் அவர் பெயரையே எழுதுவேன்.

இன்னும் ஒன்று. அவர்கள் சென்ற பின் என் பாடசாலையிலே பதினோராம் வகுப்பு மாணவரை, பாதையேறிப் படுவான்கரைக்குப் போனவர்கள் கை உயர்த்துங்கள் என்றேன். ஒருசில கைகளே எழுந்தன. ஆண்டுதோறும் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் சீகிரியாவுக்கும் சுற்றுலா போக நான் கையொப்பமிட்டு அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். அந்தத் தொலைவான இடங்களை நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் இப்போது அவர்களுக்கும் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். அதில் விடியற்காலையில் மண்முனை, நண்பகலுக்குமுன் மண்டூர், பாதையேறிக் குருமண்வெளி, பொதிந்த சோறு என்று மட்டுமே இருக்கிறது.

நேயர்களே, அடுத்த போயா எந்த நாளில் வருகிறதென்று நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளியோ திங்களோ ஆனால் ஒரு தாளை எடுங்கள்; மூன்று கோடுகள் கிழியுங்கள். ஒஸ்லோவுக்குப் போனாலும் மட்டக்களப்புக்கு வந்தாலும் நாளுக்கு ஒன்றுக்கு மேல் எழுதாதீர்கள். ஓர் இரவையேனும் வெறுமையாக விடுங்கள். போகும் சீட்டோடு வரும் சீட்டையும் வாங்குங்கள். நடக்க இயலாத முதியவர் ஒருவர் அந்த ஊரில் இருந்தால், அவரை முதலிற் பாருங்கள்.